கொலுப்படிக்கு இருபுறமும் ஸ்பீக்கர்

வீட்டில் நல்ல முறையில் பாட்டுக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது ஆம்ப்ளிஃபயர் அல்ல, ஓர் அளவு நாடா. அடுத்து ஒரு நோட்டுப் புத்தகம். அதற்கும் அடுத்து, வீட்டில் உள்ளவரின் அனுமதி. நான் முதல் இரண்டையும் வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் வீடு மயிலாப்பூரில், குளத்தங்கரையிலிருந்து என் நடைக்கு ஆறு நிமிடம், என் மனைவியின் நடைக்கு நான்கு. பழைய அடுக்ககத்தின் முதல் மாடி. ஹால் பதினேழடி நீளம், பதினோரடி அகலம். மொசைக் தரை, மொட்டைச் சுவர்கள், ஒரு கண்ணாடி அலமாரி. கையைத் தட்டினால் தட்டிய சத்தம் போன பிறகும் தகரத்தைச் சுண்டியதுபோல் ஒரு 'ட்ரிங்' மிஞ்சும். முப்பது வருஷம் அந்த ஹாலில் வாழ்ந்தும் இதை நான் கவனித்ததில்லை. ஸ்பீக்கர் வந்த அன்றுதான் முதல்முறை கை தட்டிப் பார்த்தேன். நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். வீடு பார்க்கப் போகும்போதே, தண்ணீர் வருமா என்று கேட்பதற்கு முன்னால், நடு ஹாலில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். தரகர் ஒருமாதிரி பார்ப்பார். பரவாயில்லை.

ஸ்பீக்கர் வந்தது ஆடி மாதத்து மூன்றாம் வெள்ளி, மாலை நாலே கால் மணிக்கு. பள்ளியிறுதி வகுப்பிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். இந்த மாதிரி விவரங்களில் என்னை நம்பலாம். அடையாறில் ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு மகளிடம் போகிறார், கூடவே எடுத்துப்போக முடியாதவற்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு சிடி பிளேயர். ஆட்டோவின் பின் சீட்டில் அவையெல்லாம் உட்கார, நான் டிரைவரோடு பாதி சீட்டில் தொற்றிக்கொண்டு வந்தேன்.

கதவைத் திறந்த மனைவி முதலில் ஸ்பீக்கரைப் பார்த்தாள், பிறகு காலண்டரைப் பார்த்தாள்.

"ஆடி மாசத்துல யாராவது புதுசு வாங்குவாளா?"

"புதுசு இல்ல. பழசு."

இந்தப் பதில் தர்க்கப்படி சரியானது. நன்மை எதுவும் செய்யவில்லை.

எங்கள் பரணைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அதன் இடது பாதி அவளுடைய கொலு பொம்மைகளுக்கு. வலது பாதி என்னுடைய உற்சாகங்களுக்கு. சனிக் கிரகத்தின் வளையம் பார்ப்பதற்காக வாங்கி, எதிர் அடுக்ககத்தின் தண்ணீர்த் தொட்டியை மட்டுமே தெளிவாகக் காட்டிய தொலைநோக்கி. மூன்று ரொட்டி சுட்ட ரொட்டி மிஷின். ஒரு கீபோர்டு. அஞ்சல்தலை ஆல்பங்கள் ஏழு. எல்லாவற்றின் மேலும் சீட்டு ஒட்டி, வாங்கிய நாள், பரணேறிய நாள் இரண்டையும் நானே எழுதி வைத்திருக்கிறேன். ஒழுங்குக்காகச் செய்தது. வழக்கு என்று வரும்போது அவை எனக்கு எதிரான சாட்சிகளாகிவிடும் என்று அப்போது தோன்றவில்லை.

தீர்ப்பை அவள் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டாள். மகாளய அமாவாசை வரைக்கும் மேற்குச் சுவர் என்னுடையது. அமாவாசையன்று வருஷா வருஷம் போல அதே சுவரில் கொலுப்படி கட்டுவாள். அதற்குள் அந்தப் பெட்டி பாடுவதைக் கேட்டு அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்கு வந்து உட்கார்ந்தால், அது வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் பரண்.

"பொம்மை எறங்கற எடத்துல அது ஏறிக்கட்டும்," என்றாள். "எடம் வீணாகாது."

லேசான நிபந்தனை என்று நினைத்துவிடாதீர்கள். அவள் பன்னிரண்டு வருஷம் முறையாகப் பாட்டு கற்றவள். மார்கழியில் சபாவில் உட்கார்ந்து, பாடகி வாயைத் திறப்பதற்குள் தம்புராவில் பஞ்சமத் தந்தி கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று என் காதில் சொல்லுவாள். சமையலறையில் ஜன்னலோரம் ஒரு சின்ன ரேடியோ வைத்திருக்கிறாள். அதற்காக அவள் அடுப்பை அணைத்ததில்லை. எதற்காகவும் அணைத்ததாக என் குறிப்புகளில் இல்லை, ஒருமுறை நிலநடுக்கம் வந்ததைத் தவிர.

நான் வேலையில் இறங்கினேன். இந்த விஷயத்தில் எழுதப்பட்ட புத்தகங்கள் ஏராளம், கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன். எல்லாம் ஒரே விஷயத்தில் ஒத்துப்போகின்றன. இரண்டு ஸ்பீக்கரும் கேட்பவரின் தலையும் சம பக்க முக்கோணமாக இருக்க வேண்டும். ஸ்பீக்கரின் மேலுள்ள சின்னக் கூம்பு காதின் உயரத்துக்கு வர வேண்டும். பின்சுவரிலிருந்து இரண்டு மூன்று அடியாவது தள்ளி நிற்க வேண்டும். சுவரோடு ஒட்டினால் மிருதங்கம் அண்டா தட்டுவதுபோல் கேட்கும்.

படிக்கும்போது சுலபமாகத்தான் இருந்தது. காதின் உயரத்துக்கு முக்காலி போதவில்லை என்று, கீழே கட்டட வேலை செய்துகொண்டிருந்தவர்களிடம் நாலு செங்கல் கேட்டு வாங்கி, செய்தித்தாளில் சுற்றி முக்காலியின் மேல் வைத்தேன். ஸ்பீக்கரின் இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்தேன். மறுநாள் காலை வீடு துடைத்தபோது குறி போயிற்று. திரும்பக் குறித்தேன். திரும்பப் போயிற்று. பென்சிலும் போயிற்று. கடைசியில் மனைவியே அலுத்துப்போய், அரிசி மாவைக் கரைத்து இழைக்கோலம் போடுவதுபோல் எட்டுப் புள்ளி வைத்துக் கொடுத்தாள். அது இரண்டு நாள் நின்றது. எறும்பு வந்தது. எறும்பு வரிசையைக் கொண்டு பழைய இடத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சுவரிலிருந்து மூன்றடி என்பதுதான் பெரிய தகராறு. மூன்றடி தள்ளினால் பூஜை அலமாரியின் கதவு திறக்காது. ஓர் அடிக்கு ஒத்துக்கொண்டாள். ஒன்றே கால் அடிக்கு நான் நகர்த்தியதை நாடா இல்லாமல் கண்ணாலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

ஆடி முடிந்து ஆவணியும் பாதி போயிற்று. தினமும் மாலை ஐந்தரைக்கு ஒரே சிடியை வைத்தேன். ஒரு பாடகியின் கச்சேரிப் பதிவு. யார் என்று சொல்ல மாட்டேன். மயிலாப்பூரில் பாடகி பெயரைச் சொன்னால் கட்சி பிரிந்துவிடும். அதில் ஒரு கல்யாணி ஆலாபனை, பதினோரு நிமிடம். சோதனைக்கு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வைப்பதுதான் முறை. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் லிஃப்டில் பார்த்தபோது, வேறு சிடி வேண்டுமானால் தன்னிடம் இருப்பதாக மரியாதையாகச் சொன்னார்.

அந்த நாட்களின் குறிப்புகளை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். "குரல் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. எங்கும் பரவியிருக்கிறது." "மிருதங்கம் கனமின்றி ஒலிக்கிறது. நுட்பமான பதிவு போலும்." "குரல் தலைக்குப் பின்னாலும் இருப்பதுபோல் ஓர் உணர்வு; விவரிக்க இயலாதது." ஒவ்வொன்றின் கீழும் கடைசி வரி ஒன்றே: "அடுப்பு அணையவில்லை."

இருபத்து நான்காம் நாள், வலது ஸ்பீக்கரில் கரகர என்று ஏதோ கேட்டதால், சைதாப்பேட்டையில் கோர்ட் பக்கம் சின்னக் கடை வைத்து ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் ஒருவரை வரவழைத்தேன். டார்ச்சைப் பின்னாலிருக்கும் காற்றுத் துவாரத்தில் அடித்துப் பார்த்தார். உள்ளே ஒரு பல்லி குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தது. அதை வெளியேற்றிவிட்டு, துவாரத்துக்குக் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டச் சொன்னார். கட்டினேன். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, நீங்களும் கட்டுங்கள்.

பிறகு சோபாவில் உட்கார்ந்து கல்யாணியைக் கேட்டார். அரை நிமிடம்தான் கேட்டார். எழுந்துபோய் மறுபடி டார்ச் அடித்தார்.

"இன்னா சார் நீ, செவப்பு வயர கறுப்புல மாட்டிகீறே. ஒரு பொட்டி முன்னால தள்ளசொல்ல இன்னொண்ணு பின்னால இஸ்துக்குது. ரெண்டும் சண்ட போட்டுகினு கீது. எவ்ளோ நாளா இப்டி கேக்கற?"

இருபத்து நாலு நாள் என்றேன்.

"நல்லாவா இருந்திச்சு?"

நோட்டுப் புத்தகத்தை மெல்ல மூடினேன். சமையலறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் வெளியே வரவில்லை, அடுப்பும் அணையவில்லை, ஆனால் அவருக்கு அன்று இரண்டு டம்ளர் காபி வந்தது.

ஆகவே நண்பர்களே, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. இரண்டு ஸ்பீக்கரிலும், இரண்டு முனையிலும், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். குரல் விவரிக்க இயலாததாக இருந்தால் அதை விவரிக்காதீர்கள், வயரைப் பாருங்கள். கூடவே, நம் ஊர் உப்புக் காற்றில் செம்புக் கம்பி பச்சை பூத்துவிடும். ஆறு மாதத்துக்கொருமுறை முனையை நறுக்கி, புதிதாகச் சீவி முறுக்குங்கள்.

வயரை மாற்றியதும் பாடகி நடுவில் வந்து நின்றுவிட்டாள். மிருதங்கத்துக்கு வயிறு முளைத்தது. ஆனால் அந்த 'ட்ரிங்' அப்படியே இருந்தது. மேல் ஸ்தாயி போகும்போது குரலின் ஓரத்தில் ஒரு தகரம் ஒட்டிக்கொண்டது. போவதற்கு முன் மெக்கானிக்கே சொல்லிவிட்டார்: "பொட்டி நல்ல பொட்டி சார். ரூமுதான் மொட்டையா கீது. எதுனா ரொப்பு."

எதை ரொப்புவது? புத்தகங்கள் கம்பளம் சொல்கின்றன, கனத்த திரை சொல்கின்றன. புரட்டாசிப் புழுக்கத்தில் கனத்த திரை போட்டுப் பாருங்கள். நான் ஒரு நாள் போர்வையைத் தொங்கவிட்டேன். மனைவி வந்து பார்த்து, வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மகாளய அமாவாசை வந்துவிட்டது. எழுபதுக்கும் மேற்பட்ட மாலைகளில் ஒன்றில்கூட அடுப்பு அணையவில்லை. தோற்றவன் தோற்றவன்தான். ஆனால் பரணில் ஏறி பொம்மைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுப்பது வழக்கமாக என் வேலை. ஏணியின் மேல் நிற்கும்போது பேரம் பேசுவது உசிதம்; கீழே நிற்பவர் ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பார், எங்கும் போக முடியாது. ஒன்பது நாளும் வருகிறவர்களுக்குப் பாட்டு வேண்டாமா, வெறும் சுண்டலை மட்டும் கொடுத்து அனுப்புவதா என்று மேலிருந்து கேட்டேன்.

"விஜயதசமி வரைக்கும்," என்றாள். "படிக்கு ரெண்டு பக்கமும் துவாரபாலகர் மாதிரி நிக்கட்டும். மறச்சா தூக்கிடுவேன்."

ஏழு படி. மரப்பலகைகளை இரும்புச் சட்டத்தில் மாட்டும் மடக்குப்படி. சுவரிலிருந்து நாலரை அடி முன்னால் வரும். மேலே நாலாக மடித்த வேஷ்டிகள். அதன்மேல் தெய்வங்கள், செட்டியார் கடை, கல்யாண கோஷ்டி, கிரிக்கெட் ஆடும் பதினொரு பேர், ஒரு பேண்டு வாத்தியக் குழு. முன்னால் வருகிறவர்கள் உட்கார இரண்டு பெரிய பவானி ஜமக்காளம். படியை மறைக்கக் கூடாது என்பதால் ஸ்பீக்கர்களைப் படியின் முன்விளிம்பு வரை நகர்த்தினேன். அதாவது சுவரிலிருந்து நாலரை அடி. இரண்டு மாதமாக ஒன்றே காலுக்குச் சண்டை போட்டவனுக்கு ஒரே நாளில் நாலரை கிடைத்தது. பூஜை அலமாரியின் கதவு? ஒன்பது நாளும் பூஜை கொலுவுக்குத்தான்.

இதையெல்லாம் அப்போது நான் யோசிக்கவில்லை. தோற்றவனுக்கு அளவு நாடா எதற்கு? நாடா டிராயருக்குள் போய்விட்டது.

நவராத்திரி நாலாம் நாள், மாலை ஐந்து நாற்பது. இன்னும் யாரும் வரவில்லை. சமையலறையில் கொண்டைக்கடலை சுண்டலுக்குக் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. நான் பழக்க தோஷத்தில் அதே சிடியைப் போட்டுவிட்டு, ஜன்னலோரம் செய்தித்தாளோடு உட்கார்ந்தேன். கல்யாணி மெல்ல ஆரம்பித்தது. ஒரு நிமிடம் இருக்கும். உள்ளே கடுகுச் சத்தம் நின்றது. அடுப்பின் குமிழ் 'டக்' என்று திரும்பியது.

மனைவி குங்குமச் சிமிழும் வெற்றிலைத் தட்டுமாக, முகத்தில் விருந்தாளிக்கான சிரிப்போடு ஹாலுக்கு வந்தாள். ஜமக்காளத்தைப் பார்த்தாள். வாசற்கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"யாரு வந்திருக்கா? பாடறது யாரு?"

நான் கையால் படியைக் காட்டினேன். அங்கே பதினொரு பேர் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவிலிருந்து, ஏறக்குறைய கல்யாண கோஷ்டியின் உயரத்தில், பாடகி பாடிக்கொண்டிருந்தாள். தகரம் இல்லை. கை தட்டிப் பார்த்தேன், 'ட்ரிங்' இல்லை. வேஷ்டியும் ஜமக்காளமும் அதைக் குடித்துவிட்டன. மிச்சத்தை ஒரே மாதிரி இல்லாத நூற்றிருபது பொம்மைகள் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறடித்துவிட்டன. மெக்கானிக் ரொப்பச் சொன்னது இதைத்தான்.

அவள் நின்றபடியே கேட்டாள். தட்டைக் கீழே வைக்கவில்லை. தம்புரா காதில் விழுந்ததும் தலை லேசாகச் சாய்ந்தது. நான் நாட்குறிப்பை எடுத்து ஆடி மூன்றாம் வெள்ளியைப் பிரித்தேன்.

"அடுப்பை அணைச்சியா?"

"ஆத்துக்கு மனுஷா வந்திருக்கான்னு அணைச்சேன். பாட்டுக்கு அணைக்கல."

"அடுப்ப அணைச்சுட்டு வந்தா போறும்னுதான் எழுதியிருக்கு. காரணம் எழுதல."

"வந்து உக்காந்தான்னு எழுதியிருக்கேளா இல்லையா?"

எழுதியிருந்தேன். சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறவனுக்கு இதுதான் கதி. அவள் உட்காரவில்லை. ஆலாபனை முடியும் வரை முழுதாக ஒன்பது நிமிடம் நின்று கேட்டுவிட்டு, தட்டோடு உள்ளே போய் அடுப்பை ஏற்றிவிட்டாள்.

மிச்ச நாட்களில் வந்தவர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே யார் பாடுகிறார்கள் என்று கேட்டார்கள். இரண்டு பேர் தாங்கள் பாடுவதற்கு வெட்கப்பட்டார்கள். அதனால் சுண்டல் சீக்கிரம் காலியானது. வழக்கு மட்டும் தீராமல் நின்றது.

விஜயதசமி மாலை ஆரத்தி எடுத்து, வழக்கம்போல் ஒரு பொம்மையைப் படுக்க வைத்தாள். மறுநாள் காலை பத்து மணிக்குப் பொம்மைகளைக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தோம். நான் ஒவ்வொரு படி காலியானதும் கல்யாணியில் மேல் ஸ்தாயி வரும் ஒரு நிமிடத்தை வைத்துக் கேட்டேன். மேல் இரண்டு படி போனதில் வித்தியாசம் இல்லை. செட்டியார் கடை போனதும் வீணை பக்கத்தில் வைத்த பாத்திரம் அதிர்வதுபோல் ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. கிரிக்கெட் குழு போனதும் தகரம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

"பொம்மைய எடுத்து வைக்கறேளா, பரீட்சை எழுதறேளா?" என்றாள்.

படியை மட்டும் பிரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கெஞ்சினேன் என்று எழுதினாலும் தப்பில்லை. முடியாது என்றாள், காலிப்படியை வீட்டில் நிறுத்தி வைக்கக் கூடாதாம். அப்படியென்றால் படியில் ஏதாவது இருந்தால் நிறுத்தலாமா என்று கேட்டேன். என்னத்தை வைப்பீர்கள் என்றாள்.

பரணில் வலது பாதியில், அஞ்சல்தலை ஆல்பங்களுக்குப் பின்னால், என் நாட்குறிப்புகள் அட்டைப் பெட்டிகளில் இருந்தன. நாற்பத்தாறு. வருஷா வருஷம் ஜவுளிக்கடையும் மருந்துக் கம்பெனியும் வங்கியும் இனாமாகக் கொடுத்தவை. அதனால் ஒன்று போல இன்னொன்று இல்லை. குட்டை, நெட்டை, தடி, ஒல்லி, ரெக்ஸின் அட்டை, துணி அட்டை. பொம்மைகள் இருந்த படிகளுக்கு இவை இறங்கின.

நான் வருஷ வரிசையில் அடுக்கினேன். அவளுக்குப் பொறுக்கவில்லை. பெரிசு பின்னால், சிறிசு முன்னால், நடுவில் இடைவெளி விட்டு வைக்கத் தெரியாதா என்று எல்லாவற்றையும் கலைத்து, பொம்மை வைக்கிற கையால் வைத்தாள். வருஷங்கள் தாறுமாறாயின. ஜமக்காளத்தையும் எடுக்கவில்லை. சிடியைப் போட்டேன்.

அவள் கடைசி நோட்டை வைத்துக்கொண்டிருந்தாள். வைப்பதற்கு முன் சும்மா பிரித்தாள். எங்கள் கல்யாண வருஷத்து நோட்டு அது. ஒரு பக்கம் படித்தாள். இன்னொரு பக்கம் திருப்பினாள்.

"எங்காத்து பஜ்ஜில உப்பு ஜாஸ்தின்னு எழுதியிருக்கேள்."

ஜாஸ்திதான் என்றேன்.

அவள் படித்தபடியே மெல்ல ஜமக்காளத்தில் உட்கார்ந்தாள், சரியாக இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், முக்கோணத்தின் மூன்றாம் முனையில். பாடகி மேல் ஸ்தாயிக்குப் போனாள். தகரம் கொஞ்சம் இருந்தது, மிகக் கொஞ்சம். இவள் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே தலையை ஆட்டினாள், அது பாட்டுக்கா பஜ்ஜிக்கா தெரியவில்லை. நான் கதவோரம் நின்றேன்.

அப்போதுதான் ரசம் பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை வந்தது. அவள் அசையவில்லை. நான் ஓடிப்போய் அணைத்தேன்.

"அடுப்ப நான் அணைக்கல," என்று ஹாலிலிருந்து குரல் வந்தது. "அதையும் எழுதிக்குங்கோ."

எழுதிக்கொண்டேன். பகல் பன்னிரண்டு பத்து. உட்கார்ந்தது அவள், அணைத்தது நான். ரசம் பாதி. ஆலாபனை முடிந்ததும் அவள் தலையைத் தூக்காமல், இன்னொரு தரம் போடச் சொன்னாள்.